உப்பு ஜாடியில் ஒட்டிய தேதி

அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்து ஜாடியில் கொட்டும்போது, அன்றைய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஜாடியின் மேல் ஒட்டிவிடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல் சமையுங்கள், சாப்பிடுங்கள். ஜாடி காலியாகும் நாளில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் தடவை எழுதிப் பார்த்தபோது 27ஆம் நாளே ஜாடியின் அடி தெரிந்துவிட்டது. மீன் கழுவியது, காலிஃபிளவரை உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தது என்று கொஞ்சம் சாக்கடைக்கும் போயிருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு இடித்தது. ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் வழியாக உள்ளே போகும் உப்போ இந்த ஜாடிக் கணக்கில் வரவே வராது.

அதற்கு முன்பே எனக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. எச்பிஏ1சி என்று ரிப்போர்ட்டில் போடுவார்களே, அந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டுவிட்டால் நோய். அன்று மாலையே கடைக்குப் போய் ஓட்ஸ், சியா விதை, சிவப்பரிசி, தினை, சாமை, வரகு எல்லாம் அரைக்கிலோ வீதம் வாங்கி வந்தேன். இரண்டு மாதம் கழித்து வரகுப் பாக்கெட்டைத் திறந்தால் வண்டு. எல்லாமே நல்ல பொருள்தான். ஆனால் எந்தக் கிழமை, எந்த வேளை, யார் சமைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. பாக்கெட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன; நாங்கள் கீழே நின்று பழையபடி தோசை சுட்டுக்கொண்டிருந்தோம்.

உடம்புக்கு நல்லதைச் சாப்பிடுவதும் வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதும் இரண்டு தனித்தனி வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது இப்போது புரிகிறது. நாம் என்ன சாப்பிடப் போகிறோம் என்பது தட்டின் முன் உட்காருவதற்கு வெகுநேரம் முன்பே முடிவாகிவிடுகிறது. மாத ஆரம்பத்தில் மளிகைக் கடையில் பாதி, ஞாயிற்றுக்கிழமை காய்ச்சந்தையில் கால், முந்தின நாள் இரவு ஊறவைக்கும் கிண்ணத்தில் மீதி.

மளிகைச் சீட்டைப் படிப்பது

இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிடுவது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அண்மைப் பதிப்பு 2024இல் வந்தது. இந்த நிறுவனம் பிறந்தது நம் நீலகிரியில். பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918இல் குன்னூரில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் இதைத் தொடங்கினார்; 1958இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி என்பது பி1 வைட்டமின் போதாமல் கால் மரத்து, நரம்பும் இதயமும் தளர்ந்துபோகும் நோய். ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த மக்களிடம் அது அதிகம் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். சோற்றைக் கண்டாலே பயப்படும் இந்தக் காலத்தில் இதைச் சொல்லத் தோன்றுகிறது. நம் வீட்டுப் புழுங்கலரிசி எதிரி இல்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அதுவே தட்டை அடைத்துக்கொண்டு வேறு எதற்கும் இடம் விடாமல் இருப்பதுதான் சிக்கல்.

நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அந்த நிறுவனம் சொல்லும் அளவு ஏறத்தாழ இது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு 85 கிராம் (அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முட்டை, மீன், கறியும் இதற்குள் அடக்கம்), காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை, எள் போன்றவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

கிராமில் படித்தால் மனதில் நிற்காது. நான்கு பேருக்கு, மாதக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். உங்கள் மளிகைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தானியம் 30 கிலோ. சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாம் சேர்த்து. பெரும்பாலான வீடுகளில் இது தாண்டியிருக்கும், அல்லது சரியாக இருக்கும். குறைவாக இருக்காது. பருப்பும் பயறும் 10 கிலோ. எங்கள் சீட்டில் இருந்தது துவரை 2 கிலோ, உளுந்து 1 கிலோ, கடலைப்பருப்பும் பாசிப்பருப்பும் அரை அரைக் கிலோ. தினமும் சாம்பார் வைக்கிறோமே, பருப்புக்கு என்ன குறை என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். நான்கு பேர் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போட்டால் தலைக்கு 25 கிராம். அதுவும் முழுக்கத் தட்டுக்கு வந்தால்.

காய்கறிக் கணக்குதான் என்னை உட்காரவைத்தது. 400 கிராம், நான்கு பேர், ஏழு நாள்: வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தென்னூர் உழவர் சந்தையிலிருந்து தூக்கி வந்த பையை எடை போட்டேன். 5 கிலோகூட இல்லை. அதில் ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை நான் காயாக எண்ணுவதில்லை. மாவுச்சத்து என்பதால் அதன் இடம் சோற்றுக்குப் பக்கத்தில். மிச்சமிருந்த 2 கிலோகூட வராத காயை நான்கு பேர் ஏழு நாள் சாப்பிட்டிருக்கிறோம். சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். எங்களுக்குக் காய் பிடிக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிடித்திருந்தும் வீட்டில் இல்லாததை எப்படிச் சாப்பிடுவது?

எண்ணெய்க்கும் தேதி எழுதலாம். அந்த அளவின்படி நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் கேன் 42 நாள் வர வேண்டும். சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம். ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் ஆகிவிட்டது. பிஸ்கட்டும் பண்டிகை இனிப்பும் இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் ஒரே மாதத்தில் சரிசெய்யக் கிளம்ப வேண்டாம். 11 கிலோ காயை வாங்கிவந்தால் பாதி அழுகும், மீதியைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுக்கும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: காய்ப் பையில் இரண்டு கிலோ கூட்டினோம். மளிகையில் கறுப்புக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் ஒரு கிலோ வீதம் சேர்த்தோம். அந்தக் காசுக்கு மிக்சரையும் பிஸ்கட்டையும் குறைத்தோம். பருப்பு விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது தெரியும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை விடாமல் வாங்குங்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அந்த விலைக்கு இதைவிட எளிய வழி குறைவு.

இரவு ஏழு மணிக்குக் கைக்கு எது எட்டுகிறது

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் யாருக்கும் கீரை ஆய உடம்பில் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் பிரிட்ஜைத் திறந்தால் முன்னால் தெரிவது மாவுப் பாத்திரம். தோசைதான். தொட்டுக்கொள்ளப் பொடி. இது மனவுறுதி இல்லாததால் நடப்பதில்லை. பிரிட்ஜில் மாவு கண்ணுக்கு நேராக இருக்கிறது, காய் அடியில் இழுப்பறைக்குள் பிளாஸ்டிக் பையோடு இருக்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் இழுப்பறையிலிருந்து ஒருநாள் ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தேன். அரைக்கீரைக் கட்டாக இருந்தது, பையின் மூலையில் கறுப்புத் தண்ணீராகத் தேங்கியிருந்தது. பத்து நாளாக அதற்கு மேலேதான் மற்ற காய்களைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அன்று பிரிட்ஜை முழுக்கக் காலி செய்து மாற்றி அடுக்கினேன்.

இப்போது கண்ணுக்கு நேரான தட்டில் மூடிபோட்ட இரண்டு டப்பாக்கள்: ஒன்றில் நார் உரித்து நறுக்கிய பீன்ஸோ அவரையோ, இன்னொன்றில் வேகவைத்த பயறு. மாவு கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது. நறுக்கிவைத்தால் சத்துப் போய்விடுமே என்று அம்மா கேட்டார். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். முழுதாக அழுகிக் குப்பைக்குப் போகும் காயில் எல்லாமே போய்விடுகிறது. அதனால் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் நறுக்கிக்கொள்கிறேன், கழுவி ஈரம் துடைத்த பிறகு.

எந்தக் காயை முதலில் தீர்ப்பது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டால் வீணாவது பாதியாகக் குறையும். கீரை ஞாயிறும் திங்களும். வெண்டை, கத்தரி, பீர்க்கு, புடலை அடுத்த இரண்டு நாள். பீன்ஸ், கோஸ் வியாழன் வரை தாங்கும். கேரட், பீட்ரூட் வாரக் கடைசிக்கு. நறுக்காத பூசணியும் சேனையும் வெளியிலேயே நாள்கணக்கில் இருக்கும். காய் இல்லாத சனிக்கிழமையைக் காப்பாற்றுபவை அவைதான். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். உருளையை வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். பச்சை நிறம் ஏறியதில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் சேரும். பழுத்த வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் வாயு வருவதால் பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் மஞ்சளாகிவிடும். அதைத் தனியே தொங்கவிடுங்கள்.

பிரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் உள்ளே வைக்க வேண்டும். சோற்றுக்கு இது மிகவும் முக்கியம். அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் விதைத்துகள்கள் கொதியிலும் சாவதில்லை, வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பச்சை மீனும் கறியும் எப்போதும் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில். மேலே வைத்தால் ஒழுகும் தண்ணீர் சமைத்த உணவில் சொட்டும்.

அலமாரியிலும் இதே சூத்திரம்தான். முறுக்கும் பிஸ்கட்டும் எவர்சில்வர் சம்படத்தில் மேல்தட்டுக்குப் போயின. வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கண்ணாடி பாட்டிலில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் உட்கார்ந்தன. எதையும் தடை செய்யவில்லை. முறுக்கு வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு எடுக்கலாம். பெரும்பாலும் யாரும் ஸ்டூல் போடுவதில்லை.

கடையில் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்தில் கதிரும் தானியமும் படமாக இருக்கும் பிஸ்கட்டில், பின்பக்கம் முதல் பெயராக மைதா நிற்பதைப் பார்ப்பீர்கள். உப்பை அங்கே சோடியம் என்று போட்டிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அதேபோல, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அவர்களும் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

இரவுக்குத் தோசையே இருக்கட்டும். அதோடு ஒரு கிண்ணம் சுண்டல் வந்துவிட்டால் மூன்றாவது தோசைக்குக் கை போவதில்லை. எங்கள் வீட்டில் உண்மையான மாற்றம் நடந்தது இந்த ஒரு கிண்ணத்தில்தான். காப்படி கொண்டைக்கடலையை இரவு படுக்கும் முன் நிறையத் தண்ணீரில் போட வேண்டும். காலையில் ஏறக்குறைய இரட்டிப்பாக ஊதியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் டப்பாவில் போட்டால் இரண்டு மூன்று நாளைக்குக் கவலையில்லை. கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் சுண்டல். நறுக்கிய வெங்காயம், மாங்காய், எலுமிச்சை பிழிந்தால் வேறொரு பண்டம். எலுமிச்சையின் புளிப்பு பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். கையோடு டீ குடித்தால் அந்த டீ அதைத் தடுக்கும். பச்சைப்பயறை ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு நாளில் முளை வந்துவிடும்.

செலவும் இல்லை, சிரமமும் இல்லை. ஆனாலும் இது நடக்காமல் போகும். ஏன் என்றால் ஊறவைக்க மறந்துபோகும்.

யார் ஞாபகம் வைத்துக்கொள்வது

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருமுறை பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பிரிட்ஜில் காய் வாடிக் கிடந்தது. அத்தனை நாளும் கடைப் பரோட்டாவும் இட்லியும் சாப்பிட்டிருக்கிறார்கள். கோபம் வந்தது. யோசித்தபோது கோபம் அவர்கள்மேல் மட்டும் இருக்க முடியாது என்று தெரிந்தது. எந்தச் சம்படத்தில் என்ன பருப்பு, மாவு என்றைக்கு ஆட்ட வேண்டும், நாளைக்கு என்ன ஊறவைக்க வேண்டும், எந்தக் காய் முதலில் கெடும், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. நான் போகும்போது அதுவும் என்னோடு பஸ் ஏறிவிட்டது.

பெரும்பாலான வீடுகளில் ஒழுங்கு என்பது ஒரு பெண்ணின் ஞாபகசக்திக்கு இன்னொரு பெயராகவே இருக்கிறது. அவள் களைத்தால் வீட்டின் சாப்பாடு களைத்துவிடும். ஆரோக்கிய உணவு பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் போவது எனக்கு மனவருத்தம். கீரையின் பெருமையைச் சொல்கிறோம். முளைக்கீரைக் கட்டு ஒன்றைப் பிரித்து, வேரை நறுக்கி, பழுத்த இலையைப் பொறுக்கி, மூன்று தண்ணீரில் மண் போக அலச அரை மணி நேரம் ஆகும் என்பதைச் சொல்வதில்லை. அந்த அரை மணி நேரத்தை யார் தருவது என்று தீர்மானிக்காத வீட்டில் கீரை வேகாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் கூடத்தில் இப்போது செய்தித்தாள் விரித்து நால்வரும் உட்காருகிறோம். டிவி ஓடட்டும், பரவாயில்லை. இரண்டு கட்டுக் கீரை, ஒரு கிலோ பீன்ஸ், ஒரு கைப்பிடிப் பூண்டு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆய்ந்த கீரையைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் வாடாது, சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். என் பையனுக்கு முதலில் தண்டுக்கும் வேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது வாரம் தெரிந்துவிட்டது.

ஞாபகத்துக்குத் தினசரி நாள்காட்டியைப் பிடித்துக்கொண்டோம். சமையலறைச் சுவரில் ராசிபலனும் நல்ல நேரமும் போட்டு மாட்டியிருக்குமே, அதே கிழிக்கிற காலண்டர். ஞாயிறு சாயங்காலம் அடுத்த ஏழு தாள்களிலும் பென்சிலால் இரண்டு வரி: இன்று என்ன காய், இன்றிரவு என்ன ஊறப்போட வேண்டும். முழுச் சமையல் பட்டியல் போட்டுப் பார்த்தோம். இரண்டாம் வாரமே நின்றுவிட்டது. விருந்தாளி வருவார்கள், பவர்கட் ஆகும், சுரைக்காய் கசக்கும். காயும் ஊறலும் மட்டும் எழுதினால் மற்றதை அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். யார் காலையில் தாளைக் கிழிக்கிறார்களோ அவர்கள் கண்ணில் அது படும். சம்படங்களில் பெயர் எழுதி ஒட்டினோம். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் இப்போது என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. மாதக் கடைசியில் மளிகைச் சீட்டு எழுத உட்காரும்போது, காலியான சம்படத்தைப் பார்த்து அவரவர் எழுதுகிறார்கள்.

எல்லா வாரமும் ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். தேர்வு சமயத்தில் இரண்டு வாரம் நாள்காட்டி வெறும் தாளாகத்தான் இருந்தது. இப்போதிருக்கும் உப்பு ஜாடியில் ஒட்டிய தேதிக்கு இன்றோடு 41 நாள். அடியில் இன்னும் இரண்டு விரல் உயரம் உப்பு இருக்கிறது. காய்ப் பை எட்டு கிலோவைத் தொட்டிருக்கிறது. 11க்கு இன்னும் தூரம்.

நேற்றிரவு மணி பத்தரை. விளக்கை அணைக்க சமையலறைக்குப் போனேன். மேடைமேல் தட்டுப் போட்டு மூடிய கிண்ணம் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால் மொச்சை, தண்ணீருக்குள் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. நாள்காட்டியில் நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் கணவரின் சாய்ந்த கையெழுத்தில் "மொச்சை, கத்தரிக்காய்" என்று இருந்தது. அதன் கீழே மகளின் எழுத்தில் இன்னொரு வரி: "பப்பாளி பழுத்துடுச்சு, நாளைக்கு வெட்டணும்."